துவாதசி நெல்லிக்காய்

அந்த வார்டில் எல்லோரும் அதைச் சிவப்பு மருந்து என்றுதான் சொல்வார்கள். அது கை நரம்பில் ஏறுவதைப் பார்க்க மாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஜன்னலில் மலைக்கோட்டை தெரியும் என்று பெருமையாகச் சொல்லித்தான் அந்தக் கட்டிலைக் கொடுத்தார்கள். தெரிந்தது வாஸ்தவம்தான், பாதி. மீதியை ஒரு ஜவுளிக்கடையின் விளம்பரப் பலகை மறைத்துக்கொண்டிருந்தது. படுத்துக் கிடக்கிறவளுக்குப் பாதி மலை போதும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

எனக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. அறுவை சிகிச்சைக்கு முன்னால் அதை மருந்தால் சுருக்க வேண்டும் என்றார் டாக்டர். சுருங்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பக்கவிளைவுகளை மட்டும் விளக்கினார். முடி கொட்டும், வாய் புண்ணாகும், வாந்தி வரும், அபூர்வமாகச் சிலருக்கு இதயம் பலவீனமாகும், அதற்காக அவ்வப்போது எக்கோ எடுத்துப் பார்ப்போம் என்றார். நான் முடி கொட்டும் என்பதிலேயே நின்றுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் இதயம் பலவீனமாகும் என்பதில் நின்றுவிட்டார். அது அப்போது எனக்குத் தெரியாது.

"வேற ஏதாவது எடுத்துக்கறீங்களாம்மா? நாட்டு மருந்து, சத்து மாத்திரை அந்த மாதிரி?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமே இல்லை" என்று இருவரும் சேர்ந்தே சொன்னோம். அன்றைக்கு அது உண்மை.

என் கணவர் ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். அதுவரை காபி ஆற்றக்கூடச் சமையலறைக்குள் வந்ததில்லை. எனக்கு மருந்து ஆரம்பித்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தளிகைக்கு இறங்கிவிட்டார். சாத்தமுது என்று நாங்கள் சொல்லும் ரசம் ஒருநாள் வெந்நீராக இருக்கும், ஒருநாள் புளித்தண்ணீராக இருக்கும். எனக்கு எல்லாம் ஒன்றுதான். எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்குவது போல இருந்தது. அதனால் குறை சொல்ல வழியில்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

ஏகாதசிக்கு நான் உபவாசம் இருக்கக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. என் கணவர் விடாமல் இருந்தார். மறுநாள் துவாதசி காலையில் எங்கள் வீடுகளில் உபவாசத்தை முடிப்பது அகத்திக்கீரை, சுண்டைக்காய், நெல்லிக்காயோடுதான். பெருமாளுக்குக் காட்டிவிட்டு என் இலையிலும் பரிமாறினார். அகத்திக்கீரையை மட்டும் போடவில்லை.

"மருந்து சாப்பிடறவா அகத்தியைத் தொடப்படாது. மருந்தை முறிச்சுடும்" என்றார்.

இத்தனை ஜாக்கிரதையா என்று எனக்குக் கண் கலங்கியது. நெல்லிக்காய்ப் பச்சடியை மட்டும் தாராளமாகவே போட்டார்.

அதற்கப்புறம் காலை மோரில் ஒரு துவர்ப்பு தட்ட ஆரம்பித்தது. கேட்டேன். "பெருங்காயம் ஜாஸ்தியாயிடுத்து" என்றார். என் நாக்கை நானே நம்பாத காலம். பேசாமல் குடித்தேன்.

ஒருநாள் காலை பல் தேய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனபோது, பாத்திரம் தேய்க்கும் தொட்டியின் சல்லடையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். மாத்திரைக் கூடுகள். மருந்தைக் கொட்டிவிட்டு வெறும் கூடாகப் போட்டிருந்த இரண்டு மூன்று கேப்ஸ்யூல்கள். பாதி கருஞ்சிவப்பு, பாதி கண்ணாடி மாதிரி. என்னுடைய மாத்திரைகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். இது என்னுடையது இல்லை.

அப்படியானால் அவருடையது. இவருக்கு ஏதோ வியாதி, என்னிடம் மறைக்கிறார் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கியது நினைவுக்கு வந்தது. பழைய ஆபீஸ் சிநேகிதரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறிக் கே.கே. நகர் வரைக்கும் தனியாகப் போய்வந்ததும் நினைவுக்கு வந்தது. சிநேகிதராவது மண்ணாவது, அங்கே யாரோ டாக்டரைப் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. இரண்டு பேரும் படுத்துக்கொண்டால் யார் யாருக்குத் தண்ணீர் கொடுப்பது? எங்கள் பெண் வெளிநாட்டில் இருக்கிறாள். என் கட்டியைப் பற்றிப் பயந்ததைவிட அன்று காலை அதிகமாகப் பயந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டானதும் கேட்டுவிட்டேன்.

"ஏன்னா, உங்களுக்கு என்ன உடம்பு? மறைக்காம சொல்லுங்கோ."

"எனக்கா? எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன்."

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். கூடுகளைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது. அப்பள டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலையும் ஒரு பொட்டலத்தையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"இது எனக்கில்லை. உனக்கு" என்றார்.

பொட்டலத்தில் நெல்லிக்காய்ப் பொடி. பாட்டிலில் இருந்தது அந்தக் கே.கே. நகர் சிநேகிதர் வாங்கிக் கொடுத்த கேப்ஸ்யூல். தினமும் அதைப் பிரித்துப் பொடியோடு சேர்த்து மோரில் கலந்திருக்கிறார். "ஆன்ட்டி ஆக்ஸிடன்ட்" என்று அந்த வார்த்தையைப் பயபக்தியோடு உச்சரித்தார். "அந்தச் சிவப்பு மருந்து ஹார்ட்டைக் கெடுத்துடும்னு டாக்டர்தானே சொன்னார்? இது அந்த விஷத்தையெல்லாம் அலம்பி விட்டுடுமாம். சொன்னா நீ வேண்டாம்பே. துவாதசிக்குப் போடற நெல்லிக்காய்தானேடி, அது கெடுதல் பண்ணுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நாக்கு செத்தவதானேன்னு எதை வேணா ஊத்துவேளா? அகத்திக்கீரை முறிக்கும்னு தெரிஞ்ச மனுஷனுக்கு, இது முறிக்குமோன்னு தோணலையா?" என்று கத்தினேன். வாய்ப்புண்ணோடு கத்துவது லேசில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கோபத்தில் கேட்டது உண்மையாகவே இருக்கலாம் என்று அப்போது எனக்கும் உறைத்தது.

மறுநாள் பாட்டிலும் பொட்டலமுமாக டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். அவர் பாட்டிலின் மேல் இருந்த எழுத்துகளை நிதானமாகப் படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"சார், இந்த மருந்து உள்ள போய் ஒரு மாதிரி நெருப்பு வைக்குதுன்னு வெச்சுக்குங்க. கெட்ட செல் சாகறதுக்கு அதுவும் ஒரு காரணம். நீங்க கொடுத்தது அந்த நெருப்பை அணைக்கற சாமான். நல்ல செல்லைக் காப்பாத்தும்னு சிலர் சொல்றாங்க. கெட்ட செல்லையும் சேர்த்துக் காப்பாத்திடுமோன்னு எங்களுக்குப் பயம். உறுதியா யாருக்கும் தெரியாது. அதனால சிகிச்சை முடியற வரைக்கும் இந்த மாத்திரை, பொடி எதுவும் வேண்டாம். சாப்பாட்டுல வர்ற காய், பழம் பரவாயில்லை."

என் கணவர் கைக்குட்டையைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "அப்போ அந்தக் கட்டியை நான்தான் காப்பாத்திட்டேனா டாக்டர்?"

"அப்படியெல்லாம் சொல்ல முடியாது சார். ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்."

ஸ்கேன் எடுத்தோம். கட்டி சுருங்கியிருந்தது, ஆனால் அவர்கள் நினைத்த அளவுக்கு இல்லை. அந்தப் பொடியாலா என்று என் கணவர் கேட்டார். சிலருக்கு மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும், காரணம் தெரியாது, இன்னும் மருந்து பாக்கி இருக்கிறதே என்றார் டாக்டர். ஆமாம் என்றோ இல்லை என்றோ டாக்டர் சொல்லியிருந்தால் என் கணவர் அழுது தீர்த்திருப்பார். ஆட்டோ காவேரிப் பாலத்தில் ஏறி ஸ்ரீரங்கம் வந்து சேரும்வரை ஸ்கேன் உறையை மடியிலேயே பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் என்னைக் கேட்க ஆரம்பித்தார். சாத்தமுதில் கறிவேப்பிலை போடலாமா? மஞ்சள்பொடி ஒரு சிட்டிகை போதுமா? முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. "உப்புக்கும் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிக் கேளுங்கோ" என்று கிண்டல் செய்தேன். மோர் டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு நான் குடித்து முடிக்கும்வரை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதை ஒருநாள் கவனித்தேன். அதோடு கிண்டலை நிறுத்திவிட்டேன்.

அடுத்த துவாதசி வந்தது. அவர் இலையில் எல்லாம் இருந்தது. என் இலையில் தயிர்சாதம் மட்டும்.

"நெல்லிக்காய் எங்கே?"

"வேண்டாம்."

"சாப்பாட்டுல வந்தா பரவாயில்லைன்னு டாக்டரே சொல்லியாச்சு. போடுங்கோ."

பச்சடிக் கரண்டி என் இலைக்கு மேலே வந்து நின்றது. கீழே சாயவில்லை. முப்பது வருஷமாகப் பேரேட்டில் ஒரு பைசா தவறவிடாத கை அது.

நான் செத்துவிடுவேனோ என்ற பயம் எனக்கு இன்றும் இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம் அந்தக் கரண்டியைப் பார்த்தபோதுதான் வந்தது. நான் போய்விட்டால் இந்த மனிதர் மிச்ச நாளெல்லாம் அந்த மோர் டம்ளரையே நினைத்துக்கொண்டிருப்பார். அது காரணம் இல்லை என்று எந்த டாக்டராலும் அவருக்கு நிரூபிக்க முடியாது. நான் பிழைத்துக் காட்டினால்தான் உண்டு.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கரண்டியைச் சாய்த்தேன். பச்சடியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். புண்ணில் சுரீர் என்றது. "நன்னா இருக்கு" என்றேன். அவர் நம்பவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் சிவப்பு மருந்தை மாட்டியபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.