பாவடித் தெருவின் பதினோரு மணி

என் அக்கா மாரக்காளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எதற்கும் கைநாட்டுதான். ஆனால் இராசிபுரத்தில் எங்கள் பாவடித் தெருப் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இன்றைக்கும் திறந்திருக்கிறதென்றால் அது அவளால்தான். நான் சொன்னால், கூடப் பிறந்தவன் தூக்கிவைத்துப் பேசுகிறான் என்பார்கள். பேசினால் என்ன தப்பு? அவளோடு அதிகம் சண்டை போட்டவனும் நான்தான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

நான் சரவணமுத்து, தறிக்காரன். அக்கா இருபத்திரண்டு வயதில் புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். மூலையில் உட்கார்ந்து அழுவாள் என்று எதிர்பார்த்தவர்களுக்கெல்லாம் ஏமாற்றம். வந்த மூன்றாம் நாளே என் சம்சாரம் வைத்த ரசத்தில் குற்றம் சொன்னாள்.

1931-ல் ஜில்லா போர்டார் எங்கள் தெருக்கோடியில் பெண்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். ஒரே அறை, ஒரே டீச்சர். சேலத்திலிருந்து வந்த இன்பமேரி என்ற கிறிஸ்தவப் பெண். அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளை யாரும் தாமாகப் பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள் என்பது சர்க்காருக்கே தெரியும். அதனால் வீடு வீடாகப் போய் அழைத்துவர ஓர் ஆயாவையும் சம்பளம் கொடுத்து வைப்பார்கள். அந்த வேலைக்கு அக்கா போய் நின்றாள். "நம்ம ஊட்டுப் பொம்பளை போர்டு வேலைக்குப் போறதா?" என்று நான் குதித்தேன். "நீ குதிச்சுக்கிட்டே இரு, நான் போயிட்டு வாரேன்" என்று போய்விட்டாள்.

அவள் பிள்ளைகளை அழைத்த விதம் இருக்கிறதே, அடேயப்பா! வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்ப்பாள். "புள்ளைக்கு வேலை இருக்குது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தால் நேரே தறிக்குழிக்கு வந்து, ஓடிக்கொண்டிருக்கும் நாடாவைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்வாள். நாடா இல்லாமல் குறுக்கே நூல் ஓட்டுவது எப்படி? பிள்ளை வெளியே வந்த பிறகுதான் நாடா திரும்பி வரும். தெருவில் அவளைத் திட்டாத வீடு கிடையாது, என் வீடும் சேர்த்துத்தான். என் மகள் கமலவேணியை அப்படித்தான் இழுத்துப் போனாள். ஏழு வருஷத்தில் பள்ளியில் பேர் பதிந்த பிள்ளைகள் நாற்பத்தொன்று ஆகிவிட்டார்கள்.

வெளியூர்க்காரர்களுக்குப் பாவு என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்லவேண்டும். சேலைக்கு நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. அதைத் தறியில் ஏற்றுவதற்குமுன் கஞ்சியில் தோய்த்து, விடியற்காலையில் தெரு நீளத்துக்கும் மூங்கில் கவைகளின்மேல் இழுத்துக் கட்டிக் காயவைப்போம். காயக்காய இழைகள் அறும். அறுந்த இழைக்குச் சரியான ஜோடியைத் தேடிப் பிணைக்க வேண்டும். ஒரு இழை மாறினாலும் சேலை முழுக்கக் கோடு விழும். அதற்குச் சின்ன விரல்கள்தான் தோது, அதிலும் பெண்பிள்ளைகளின் விரல்கள். எங்கள் தெருவில் வாரத்தில் நாலு நாளாவது யாராவது ஒருவர் பாவு கட்டியிருப்பார்கள். வேலை முடிய மணி பத்தே முக்கால், பதினொன்று ஆகும். அதற்கப்புறம்தான் பிள்ளைகள் பள்ளிக்கு ஓடுவார்கள்.

பள்ளிக்கூடத்துச் சட்டமோ வேறு. பத்தரை மணிக்கு ஆஜர்ப் புத்தகத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு மூடிவிட வேண்டும். அதற்குப் பின்னால் வருகிற பிள்ளை வராத பிள்ளைதான். நாற்பத்தொரு பேரும் சாயங்காலம்வரை உட்கார்ந்து படித்தாலும் புத்தகத்தில் இருபதுதான் இருக்கும். மற்ற ஊர்களில் எப்படியெப்படியோ எழுதிக்கொள்வார்கள் என்று கேள்வி. இன்பமேரி டீச்சர் அந்தச் சோலிக்கே போகமாட்டாள். "இல்லாத பிள்ளையை இருக்குதுன்னு எழுதிட்டு நான் எப்படிக் கோயிலுக்குப் போறது?" என்பாள்.

1938 ஆவணியில் வந்தது வினை. சிக்கனம் என்று சொல்லி, சராசரி முப்பது பிள்ளைகள் வராத பள்ளிகளை மூடி, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். எங்களுக்குப் பக்கத்துப் பள்ளி சந்தைப்பேட்டையில், ஒன்றரை மைலில். ஆண்பிள்ளைகள் படிக்கிற இடம். எங்கள் தெருவில் ஒருத்தனாவது மகளை அங்கே அனுப்புவானா? நானே அனுப்பமாட்டேன். அதோடு அத்தனை பேர் படிப்பும் முடிந்தது. புதன்கிழமை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து தலையை எண்ணிவிட்டு முடிவு எழுதுவார் என்று டீச்சர் அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

அக்கா அழவில்லை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் என் முன்னால் வந்து நின்றாள். "தம்பி, புதங்கெழமை ஒரு நாளைக்கு இந்தத் தெருவுல ஒருத்தரும் பாவு கட்டப்படாது. நீ சொன்னாக் கேப்பாங்க. சொல்லு." அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

வாக்குத் தவறியவன் யார் தெரியுமா? நான்தான்.

செவ்வாய்க்கிழமை விடியலில் என் பாவைக் கஞ்சியில் தோய்த்து எடுத்தேன். கட்டப் போகிற நேரத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. நாள் முழுக்க விடவில்லை. தோய்த்த பாவைச் சுருட்டி வீட்டுக்குள் வைத்தேன். கஞ்சி ஏறிய பாவு இன்னொரு நாள் தாங்காது. புளித்து நாறி, இழையோடு இழை ஒட்டி, இரண்டு மாதச் சேலை வேலை குப்பைக்குப் போய்விடும். புதன் விடியலில் வானம் வெளுத்திருந்தது. நான் அக்கா முகத்தைப் பார்க்காமல் கவைகளை எடுத்து நட்டேன். ஈரத்தில் கிடந்த நூல் இழுக்க இழுக்க அறுந்தது. தெருவிலிருந்த பெண்பிள்ளைகளில் இருபது பேராவது வந்து நின்றால்தான் ஆகும் என்ற நிலைமை.

"நல்லாயிருப்படா!" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா மிச்சப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். அவள் அன்றைக்கு நாடாவைப் பிடுங்கவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஒன்பதரை மணிக்கு இன்ஸ்பெக்டரின் குதிரை வண்டி தெருமுனையில் வந்து நின்றது. பாவு கட்டியிருக்கும்போது எங்கள் தெருவில் சாமித் தேரே நிற்கும். யாரும் அதைத் தாண்டக் கூடாது. சுற்றிப்போக ஏரிக்கரை வழியில் முழங்கால் சேறு. மனிதர் வண்டியிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். பொறுக்கவில்லை. கோட்டு, தலைப்பாகை, கையில் காகிதக் கட்டோடு இறங்கி வந்தார்.

"தாண்டப்படாதுங்க சாமி. நாங்க ஏந்திப் புடிக்கறோம், அடியில குனிஞ்சு வந்துருங்க" என்றேன்.

குனிந்தார். பாதி வந்ததும் அவசரப்பட்டு நிமிர்ந்தார். கோட்டுப் பொத்தானில் ஒரு கொத்து இழை மாட்டி, நாற்பது ஐம்பது இழை படபடவென்று அறுந்தது. "அசையாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் போர்டு அதிகாரி என்பதெல்லாம் மறந்துபோயிற்று. பெண்பிள்ளைகள் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பொத்தானிலிருந்து இழைகளைக் கழற்றி, ஜோடி பார்த்து ஒவ்வொன்றாகப் பிணைத்தார்கள். அவர் இடுப்பை வளைத்தபடி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுபட்டதும் பக்கத்திலிருந்த கமலவேணியைக் கேட்டார். "நீ பள்ளிக்கூடம் போகலையா?"

"போவனுங்க. பாவு முடிஞ்சதும் போவனுங்க."

"எந்த வகுப்பு?"

"நாலுங்க."

நம்பவில்லை போலிருக்கிறது. கட்டிலிருந்து கைக்கு வந்த ஒரு தாளை உருவி நீட்டி, "இதைப் படி" என்றார். என் மகள் கஞ்சிக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தெரு முழுக்கக் கேட்கும்படி படித்தாள். "இதனால் அறிவிப்பது என்னவென்றால், முப்பது பிள்ளைகளுக்குக் குறைந்த வருகையுள்ளதாகக் காணப்பட்ட இந்தப் பெண் பாடசாலை, வருகிற மாதம் முதல் தேதியோடு மூடப்படும்." படித்து முடித்து நிமிர்ந்தாள். "எங்க பள்ளிக்கூடத்தையுங்களா?" என்றாள்.

இழையை விட்டுவிட்டு எல்லோரும் நின்றுவிட்டோம். அதற்குள் கமலவேணி படித்த சத்தம் கேட்டு அக்கா வந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் எதிரில் நின்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

"எண்ணறதுக்கு முன்னாடியே செவுத்துல ஒட்டறதுக்கு எழுதிக் கொண்டாந்துட்டீங்களா, சாமி?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "மேலிடத்து உத்தரவும்மா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

"மணி என்னாச்சுங்க?"

கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "பத்தே முக்கால்."

"பத்தரைக்குப் பொஸ்தகத்தை மூடிட்டாங்களே. அப்ப நீங்களும் இன்னைக்கு வராத புள்ளைதானுங்களா?"

தெருவே கொல்லென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவரும் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, பதினோரு மணிக்குப் பிள்ளைகளோடு பிள்ளையாக நடந்துபோய்ப் பள்ளியில் உட்கார்ந்தார். ஐந்து மணிவரை நகரவில்லை. முப்பத்தேழு பிள்ளைகளை அவர் கையாலேயே எண்ணி எழுதினார்.

ஐப்பசியில் உத்தரவு வந்தது. பள்ளிக்கூடம் மூடப்படாது. ஊர் வழக்கத்தை உத்தேசித்து இனி பதினொன்றிலிருந்து ஐந்துவரை நடக்கும். இதுவரை சந்தோஷம். கீழே இன்னொரு வரியும் இருந்தது. நேரம் தோதாக அமைந்துவிட்டதால் ஆயா உத்தியோகம் தேவையில்லை, எடுத்தாயிற்று. டீச்சர் அதைப் படித்துச் சொல்லிவிட்டுத் தாளை மேசைமேல் போட்டாள். அக்காவே தேற்றினாள். "பள்ளிக்கூடம் இருக்குதல்ல, உடு கண்ணு."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. மறுநாள் பதினோரு மணிக்குத் தெருவில் அதே குரல். "கமலவேணீ! சாரதாமணீ!" என்று கூப்பிட்டுக்கொண்டே போகிறாள். ஓடிப்போய் மறித்தேன். "ஏனக்கா, அவங்கதான் வேண்டாமுன்னுட்டாங்களே, இன்னும் என்னத்துக்குக் கத்தறே?"

"போர்டுக்காரன் நேரத்தைத்தான் மாத்துனான். உங்களையெல்லாம் மாத்திட்டானா?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். பத்து வருஷமாக அந்தக் குரல் ஒரு நாள் தவறியதில்லை. சம்பளம் இல்லை, கேட்டதும் இல்லை. அவள் எனக்கு அக்காவாகப் பிறந்ததற்கு நான் என்ன புண்ணியம் பண்ணினேனோ!

உத்தரவு வந்த அந்த வருஷக் கார்த்திகையில் மறுபடியும் மழையில் மாட்டிய பாவு ஒன்று எனக்கு. பாதி இழை பிணைத்தபடி இருக்கும்போது பதினோரு மணிக் குரல் கேட்டது. கமலவேணி என் முகத்தைப் பார்த்தாள். இன்னும் அரை மணி நேரம் அவள் நின்றால் போதும். அக்கா எதிர்ச்சாரியில் நின்றுகொண்டிருந்தாள். "போ சாமி, போ" என்றேன். மிச்சத்தை என் தடித்த விரல்களாலேயே முட்டி மோதிப் பிணைத்தேன்.

அந்தச் சேலையைச் சேலத்தில் ஜவுளிக்கடை வெங்கடாசலம் விரித்துப் பார்த்தார். கோடும் முடிச்சுமாகக் கிடந்தது. "என்ன சரவணமுத்து, உன் பாவுல இப்படி நான் பார்த்ததே இல்லையே. கண்ணு மங்கிப்போச்சா?" என்றார்.

"கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. என்ற மக பள்ளிக்கூடம் போயிட்டாளுங்க" என்றேன். கடையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கட்டும் என்று உரக்கத்தான் சொன்னேன்.