பெரியப்பாவுக்கு ஒரு முதற்பிரதி

விவாத மேடையில் எனக்குக் கடைசி முறையைத்தான் தருவார்கள். எதிரணி பேசி முடித்த பின்பு, அவர்கள் சொன்ன சொல்லைக் கொண்டே அவர்களை வீழ்த்துவது என் வழக்கம். அதை அகந்தை என்பார்கள்; இருக்கட்டும். என் நாவலின் வெளியீட்டு விழாவுக்குப் பெரியப்பாவை அழைத்ததும் அந்த வழக்கப்படியே.

மாத்தளையில் நூல் வெளியீடு என்றால் முதற்பிரதியைப் பெற ஒரு பெரிய மனிதர் வேண்டும். பொன்னாடை போர்த்துவார்கள், படம் பிடிப்பார்கள். பெற்றவர் அந்த நூலைப் படித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் பெரியப்பா அப்படிப் பதினொரு முதற்பிரதிகளைப் பெற்றிருந்தார். பதினொன்றும் அவருடைய கண்ணாடி அலுமாரியில், கட்டிய நாடா அவிழாமல் நின்றன.

அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம குடும்பக் கதையாமே?"

"ஆமா பெரியப்பா. மூணு தலைமுறை. பாசமும் இருக்கு, கோபமும் இருக்கு."

"நான் வாறேனா அதுல?"

"நீங்க இல்லாம நம்ம குடும்பமா?"

வாய்விட்டுச் சிரித்தார். "வாய்க்காரி! அந்த வாய் ஒன்னு போதும் ஒனக்கு."

அந்த வாயைத்தான் ஏழு ஆண்டுகளுக்கு முன் அவர் தமக்காகப் பயன்படுத்தினார்.

அத்தை அவருடைய ஒரே தங்கை. வஹகோட்டையைச் சேர்ந்த கத்தோலிக்கர் ஒருவரை விரும்பி, அங்குள்ள கிறிஸ்தவக் கோயிலிலேயே மணந்துகொண்டார். அன்றிலிருந்து தாத்தா அவருடைய பெயரைச் சொல்லவில்லை. ஆனால் வஹகோட்டைத் திருவிழாக் காலத்தில், பஸ்ஸில் நெரிசலா, மழையா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விசாரிப்பார். தாத்தாவின் கோபத்துக்குள் பாசம் இருந்தது. பெரியப்பாவின் கோபத்துக்குள் கோபம் மட்டுமே இருந்தது.

தாத்தா இறந்தபோது எனக்குப் பதினைந்து வயது. பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவள் என்பதால், முச்சக்கரவண்டியில் ஒலிபெருக்கி கட்டி ஊருக்கு மரண அறிவித்தல் வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பெரியப்பா எழுதிக் கொடுத்த தாளில், 'இரு ஆண்மக்களின் அன்புத் தந்தை' என்று மட்டும் இருந்தது.

"அத்தை பேரு இல்லையே?"

"எழுதினத வாசி, புள்ள."

வாசித்தேன். ஏற்ற இறக்கத்தோடு, பரிசு பெற்ற குரலில் வாசித்தேன். பஸ் நிலையத்தருகே மூன்றாம் முறை வாசிக்கும்போது, வெள்ளைச் சேலையில் அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கினார். அவருக்குக் கேட்டது. எங்கள் கண்கள் சந்தித்தன. நான் நிறுத்தியிருக்கலாம். வாக்கியம் உடைந்துவிடுமே என்று நிறுத்தவில்லை. அடுத்த வஹகோட்டை பஸ்ஸில் அவர் திரும்பிவிட்டார். அவரைத் தடுக்கப் பெரியப்பா வாசலில் நிற்கவேண்டிய தேவையே ஏற்படவில்லை.

என் நாவலின் முதற்பக்கம் அந்த அறிவித்தல்தான். அதில் ஒரேயொரு திருத்தம் செய்திருந்தேன்: 'ஒரே மகளின் அன்புத் தந்தை.'

விழா மண்டபத்தில் அத்தை மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். வரச்சொல்லி அழைத்தேனே தவிர, எதற்கென்று சொல்லவில்லை. பெரியப்பா பொன்னாடையோடு முதற்பிரதியை வாங்கி, படத்துக்காக மார்பளவில் பிடித்தார். நான் ஒலிவாங்கியை எடுத்தேன்.

"பெரியப்பா, நாடாவ அவிழ்த்துப் பாருங்க. மொதப் பக்கத்த நான் வாசிக்கிறேன்."

அவிழ்த்தார். அன்று வாசித்த அதே குரலில் வாசித்தேன். விடுபட்ட பெயரைச் சொன்னேன். விட்டவர் யார் என்பதையும் சொன்னேன்.

"போதும் புள்ள," என்றார் மெதுவாக.

"எழுதினத வாசிக்கிறேன், பெரியப்பா."

படத்துக்காக உயர்த்திப் பிடித்த புத்தகத்தை அவர் கீழே இறக்கினார். ஏழு ஆண்டுகள் நான் காத்திருந்தது அதற்காகத்தான். அது இனித்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அத்தைக்கென்று நாடா கட்டி வைத்திருந்த பிரதியுடன் கீழே இறங்கினேன். அவர் எழுந்தார், ஆனால் கையை நீட்டவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"அத்தை, உங்க பேர நான்..."

"அன்னிக்கு மைக்ல என் பேர விட்டது ஒன் வாய். இன்னிக்குச் சொன்னதும் ஒன் வாய். ரெண்டு நாளும் ஊரே என்னத்தான் திரும்பிப் பாத்துச்சு."

என்னைக் கடந்து மேடையேறினார். "அண்ணே, அத இங்க குடுங்க."

பெரியப்பா முதற்பிரதியை இரண்டு கைகளாலும் கொடுத்தார். "கொஞ்சம் இருந்துட்டுப் போயேன்," என்றார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"பஸ் போயிரும்ணே."

புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியேறினார். ஏற்புரைக்கு என்னை அழைத்தார்கள். கடைசி முறை எனக்குத்தான். நன்றி என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்கினேன்.

பெரியப்பாவை இன்றும் மன்னிக்கவில்லை. அவருடைய அலுமாரியில் பன்னிரண்டாவது நூல் இல்லாததைப் பார்க்கும்போதெல்லாம் மனம் குளிர்கிறது. அத்தை வாங்காத பிரதி என் மேசையில் இருக்கிறது. அதன் நாடாவை நான் அவிழ்க்கவில்லை.