தரையில் இறங்கிய பச்சைப்புறா

1892ஆம் வருஷம் மாசி மாதம் பச்சைப்புறாவைப் பார்க்கத் தேனியிலிருந்து கிளம்பினேன். தரையில் கால் வைக்காத பறவை அது என்று மதுரையில் படித்தவர்களே சாதித்தார்கள். கண்ணால் பார்க்காமல் நான் எதையும் ஒத்துக்கொள்வதில்லை.

காலை ஆறு மணிக்கு மாட்டுவண்டி. உத்தமபாளையம் பதினெட்டு மைல். அங்கிருந்து கம்பம் ஆறு மைல், கூடலூர் இன்னும் ஐந்து. இரண்டு நாள் வாடகை இரண்டு ரூபாய். மாட்டுத் தீவனம் நம் பொறுப்பு. வண்டிக்காரருக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு. “புறா பாக்கவா இம்புட்டுத் தூரம்? எங்க மச்சான் வீட்டுக் கூரையில நாலு கெடக்கு, சும்மாவே பாக்கலாமே.”

கூடலூரில் மலைப்பாதை வேலைக்காரர்களின் குடிசைகளை ஒட்டித் தங்கினேன். பக்கத்துக் குடிசையில் அந்தோணியம்மாள் என்ற வேதக்காரப் பெண் இருந்தாள். மலையில் கல் சுமந்த அவள் கணவன் சூசை குளிர்காய்ச்சலில் கிடந்தான். காய்ச்சலுக்குச் சர்க்கார் தரும் கொயினாத் தூள் வேலைக்கு வருகிறவனுக்குத்தான். படுத்தவன் பெயரைக் கங்காணி அடித்துவிட்டான். மருந்து வேண்டுமென்றால் நோயாளி எழுந்து கல் சுமக்க வேண்டும்! இதற்கு ஒழுங்கு என்று பெயர்.

அதனால் அவள் புறாவை நம்பினாள். காய்ச்சல் மண்ணிலிருந்து ஏறுகிறது, மண்ணை மிதிக்காத பறவையின் சாறு அதை இறக்கும் என்பது அந்தக் குடிசைகளின் வைத்தியம். வேட்டைக்காரனிடம் தன் பித்தளைக் குடத்தைக் கொடுத்து ஒரு பச்சைப்புறா வாங்கியிருந்தாள். என்னிடம் பதினாறு பொட்டலம் கொயினா இருந்தது. இரண்டைக் கொடுத்தேன்.

மறுநாள் விடியலில் நான்கு மைல் ஏறினேன். ஓர் இச்சி மரம் பழுத்திருந்தது. அரை மணி நேரம் பறவையே தெரியவில்லை, பழம் மட்டும் உதிர்ந்துகொண்டிருந்தது. பிறகு ஓர் இலை நகர்ந்தது. அதுதான் புறா. எட்டாத பழத்துக்குத் தலைகீழாகத் தொங்கி, முழுசாக விழுங்குகிறது. குரல் மற்றப் புறாக்களைப்போல முனகல் அல்ல, யாரோ நிதானமாகச் சீட்டியடிப்பது போன்றது. கூடு நாலைந்து சுள்ளிதான். கீழிருந்து பார்த்தாலே இரண்டு வெள்ளை முட்டைகள் தெரிகின்றன.

பத்து மணிக்கு ஆறு புறாக்கள் ஓடைக்கரை உவர்மண்ணில் இறங்கின. நடந்தன, மண்ணைக் கொத்தின. மதுரைக்காரர்களை ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு சாயங்காலம் மலையிறங்கினேன்.

சூசை மத்தியானமே இறந்திருந்தான். சாறு வைத்துக் கொடுத்த சட்டி இன்னும் அடுப்பில் இருந்தது. அந்தோணியம்மாள் அழவில்லை.

“ஐயா, மேல போயிட்டு வந்தீகளே. அது மண்ணுல எறங்குமா?”

“எறங்கும். கண்ணால பாத்தேன்.”

வைத்தியம் பொய் என்று புரிந்துகொள்வாள் என்றுதான் சொன்னேன். அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப மண்ண மிதிச்ச புறாவத்தான் அவுகளுக்குக் குடுத்துருக்கேன். நாந்தான் கொன்னுட்டேன்.”

கங்காணியைப் பற்றி, மருந்தைப் பற்றி ஏதேதோ பேசினேன். அவள் காதில் ஏறவில்லை. என் பையில் மிச்சமிருந்த பதினான்கு பொட்டலத்தைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை.

போகிறவர்களுக்கு: மாசியில் போனால் இச்சி பழுத்திருக்கும். விடியுமுன் மரத்தடியில் இருங்கள், அசையாதீர்கள். கொயினா நிறைய எடுத்துப்போங்கள். குடிசைகளில் கொடுத்துவிட்டு மலையேறுங்கள்; இறங்கி வந்து கொடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.