சிவகாமியின் விசாரிப்பு

சம்பந்தம் பேசும் முன் விசாரிப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் கோயிலில் நாலு பேரிடம் வாயைக் கிளறினால் ஒருவனுடைய வண்டவாளம் முழுக்கத் தண்டவாளம் ஏறிவிடும். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் பேரே யாருக்கும் தெரிவதில்லை. அதனால் பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் சிவகாமிக்கு வேலை இருந்தது.

வயது ஐம்பத்திரண்டு. அண்ணனுக்கு முதலில் ஆகட்டும், அம்மாவுக்கு உடம்பு தேறட்டும் என்று தள்ளித் தள்ளியே கல்யாண வயதைத் தாண்டியவள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வங்கி வேலையை விட்டாள். அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் மிஞ்சியது ஒன்பதாவது மாடி வீடும் ஒரு லேப்டாப்பும்தான். அண்ணன் வைரவன் சிங்கப்பூரில். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு படம் அனுப்புவார். அதில் அவர் குடும்பமே சிரித்துக்கொண்டிருக்கும்.

மாப்பிள்ளையின் பேர், ஊர், தொழில் மூன்றையும் கொடுத்தால் போதும். சிவகாமி ஏஐயிடம் போட்டு, ஆழமாகத் தேடு என்பாள். அது எத்தனையோ பக்கங்களைப் புரட்டி, கம்பெனிப் பதிவு, பழைய செய்தி, கல்லூரிப் படம் எல்லாவற்றையும் கோத்து ஓர் அறிக்கை தரும். அதோடு அவள் நிற்க மாட்டாள். ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்று திறந்து படித்த பிறகே வாயைத் திறப்பாள்.

"அது சொல்றத அப்படியே நம்பிடாதீங்க லா. சில நேரம் வாய் கூசாம அளக்கும்," என்று வருகிறவர்களிடம் சொல்லுவாள்.

சொன்னாலும், நாள் முழுக்க அவளோடு பேச அந்த ஒன்றுதான் இருந்தது. காலையில் அதற்கு வணக்கம் போட்டுவிட்டுத்தான் டீ குடிப்பாள். ஒருவருக்கு மட்டும் சோறு வைப்பது எவ்வளவு அலுப்பு என்பதைக்கூட அதனிடம் ஒருமுறை தட்டியிருக்கிறாள். அது ஐந்து யோசனை சொன்னது. யோசனையா கேட்டாள்?

அப்போதுதான் வங்கியில் கூட வேலை செய்த புனிதா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். கிள்ளானில் லோரி ஓட்டும் தொழில் நடத்துகிற நாச்சியப்பன். மனைவி இறந்து சில வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை.

"ரெண்டு பேரும் செட்டியார் வீடு, கோயிலும் வேற வேற, பங்காளி முறை வராது. அப்புறம் என்னக்கா?"

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தார்கள். அன்றிலிருந்து தினமும் மாலையில் அவர் போன் செய்தார். ஷா ஆலம் போகும் வழியில் லோரி டயர் வெடித்தது, முருங்கைக்காய்க் குழம்பு அடிப்பிடித்தது என்று ஏதாவது சொல்வார். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று சிவகாமி தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் போன் வரும் நேரத்துக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள். போனில் பொட்டு தெரியுமா என்ன? சந்தோஷமாக இருந்தாள், அவ்வளவுதான்.

நாலு மாதம் போனது. "தை மாசம் வச்சுக்கலாமா?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தவளுக்குத் திடீரென்று பயம் பிடித்தது. ஊராருக்கெல்லாம் விசாரித்தவள், தனக்கு விசாரிக்காமல் விடுவதா? அவர் பேரையும் ஏஐயிடம் தட்டினாள்.

கிள்ளான் லோரி முதலாளி நாச்சியப்பன், மனைவியை அடித்த வழக்கு, விவாகரத்து என்று வந்து நின்றது. பதறாத காரியம் சிதறாது. சிவகாமி பதறினாள். செய்தியைத் திறந்து பார்க்கக் கை வரவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு அழுதாள்.

மறுநாள் போனை எடுக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. 'உடம்பு சரியில்லையா?' என்று அவர் அனுப்பியதற்கும் பதில் போடாமல் அவர் நம்பரையே தடுத்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்துப் புனிதா நேரிலேயே வந்து சண்டை பிடித்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, அது அவரோட சித்தப்பா மகன், அவனுக்கும் லோரித் தொழில்தான்! ரெண்டு பேருக்கும் தாத்தா பேருதானே. எனக்கே தெரியுது, செட்டியார் வீட்டுல பொறந்த உங்களுக்குத் தெரியலையா?"

தெரியாமல் என்ன? தலைமகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பேரைத்தான் வைப்பார்கள். அண்ணன் தம்பி எத்தனை பேரோ, அத்தனை பேரன்கள் அதே பேரில் திரிவார்கள். சிவகாமி வீட்டிலேயே மூன்று வைரவன்கள். இயந்திரத்துக்குத் தெரியாமல் போகலாம், இவளுக்கு என்ன கேடு? செய்தியை அப்போதுதான் திறந்தாள். படத்தில் முன்பின் பார்த்திராத ஓர் இளவயசுக்காரன் நின்றான்.

அன்றைக்கே கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனாள். லோரிகள் நிற்கும் இடத்தை ஒட்டிய சிறிய ஆபீசில் நாச்சியப்பன் தனியாக இருந்தார். உட்காரச் சொல்லி, அவரே டீ கலக்கிக் கொடுத்தார். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள்.

"தப்பு எம்மேலதான்," என்றாள்.

"விசாரிச்சது தப்பில்ல. எல்லாரும் விசாரிக்கிறதுதான்." தன் கிளாஸைக் கீழே வைத்தார். "நாலு மாசம் தினமும் பேசினோமே சிவகாமி. ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"எம்மேல கோவமா?" என்றாள்.

"கோவம் இல்ல. பயமாதான் இருக்கு. நாளைக்கே என்மேல ஒரு சந்தேகம் வந்தா, முதல்ல என்னைக் கேப்பீங்களா, அந்த மெஷினைக் கேப்பீங்களா?"

உங்களைத்தான் என்று அந்தக் கணமே சொல்லியிருக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் அவரும் அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். சிவகாமி யோசித்தாள்.

அவர் இரண்டு கிளாஸ்களையும் எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.