துடைப்ப வண்டி

எங்கள் ஊரில் பேய்க்கு ராத்திரி தேவையில்லை. மதியத் தூக்க நேரம் போதும். தெருவில் நாய்கூட நடமாடாத அந்த நேரத்தில் வெளியே போகாதே என்றுதான் சான் உவான் மாகாணத்தில் பிள்ளைகளை வளர்ப்பார்கள். நான் சொல்லப்போவதும் பட்டப்பகலில், என் இரண்டு கண்ணால் பார்த்தது. கிழவிக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைப்பவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

என் பெயர் ஒதிலியா. என் புருஷன் எவரிஸ்தோ. எங்களைச் சேர்த்துவைத்தது, நாட்டையே சுற்றிவரும் அந்தப் பெரிய கார் பந்தயம்தான். அப்போதெல்லாம் பந்தயம் ஊருக்குள்ளேயே வரும். எங்கள் வீடு ஃபோர்டு காருக்குக் கொடி பிடிக்கும் வீடு. அவர் வீடு செவ்ரோலே வீடு. அந்தக் கல்யாணத்துக்கு என் அப்பா கோவிலுக்கு வந்தார், விருந்துக்கு வரவில்லை. செவ்ரோலேக்காரன் வெட்டிய ஆட்டை நான் தின்பதா என்று கேட்டாராம்.

என் புருஷனுடைய அண்ணன் நிக்கானோர் பந்தயத்தில் ஓட்டினார். நாங்கள் பின்தொடர்ந்தோம். ஒரு வளைவில் அவரைப் பார்த்துவிட்டு, லாரியில் ஏறி, குறுக்குப் பாதையில் எலும்பு நொறுங்க ஓடி, அடுத்த வளைவில் அவருக்கு முன்னால் போய் நிற்போம். மடியில் ரேடியோ. கையில் கரும்பலகை. ரேடியோவில் கேட்டதை எழுதிக் காட்டுவோம். எத்தனையாவது இடம், முன்னால் போகிறவனுக்கும் அவருக்கும் எவ்வளவு இடைவெளி. புழுதிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து அசையும். அவ்வளவுதான். அதற்காக மூன்று நாள் குளிக்காமல் அலைந்திருக்கிறோம். அந்த நாட்களைப் போல் நான் பிறகு வாழவே இல்லை.

எல்லாக் கார்களும் போன பிறகு கடைசியாக ஒரு வண்டி வரும். பின்னால் ஒரு துடைப்பத்தை நிமிர்த்திக் கட்டியிருப்பார்கள். துடைப்ப வண்டி. பழுதாகி வழியில் நின்றுவிட்டவர்களை ஏற்றிக்கொண்டு வருவது அதன் வேலை. அது போகும்வரை சாலை பந்தயத்துக்குச் சொந்தம், யாரும் கால் வைக்கக் கூடாது. அது போய்விட்டால் பந்தயம் முடிந்தது.

அறுபத்தேழாம் வருடம் கழுதை வளைவில் நின்றோம். பலகையில் எழுதியிருந்தது: "இரண்டாம் இடம். நாற்பது விநாடி." அன்று சோண்டா காற்று கிளம்பியது. மலையிலிருந்து இறங்கும் சூட்டுக்காற்று, எதிரே இருக்கிற ஆள் தெரியாது. நிக்கானோர் பாலத்தைத் தாண்டினார் என்று ரேடியோ சொன்னது. எங்கள் வளைவுக்கு வரவில்லை. வரவே இல்லை. சாலையை ஒட்டிய ஏரியில் விழுந்திருப்பார் என்று தேடினார்கள். காரும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

காற்றுக்குப் பயந்து துடைப்ப வண்டியைப் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுதான் என் தலையெழுத்து. எவரிஸ்தோ சொன்னார், "துடைப்ப வண்டி வரல. அப்ப பந்தயம் முடியல."

நாற்பது வருடம் இதையே சொன்னார். வருடா வருடம் அதே நாளில், அதே வளைவில், அதே பலகையோடு போய் நிற்பார். புதுச் சாலை வந்து, பழைய சாலையில் முள் முளைத்த பிறகும் போனார். மகளின் கல்யாணத் தேதியையே அதற்காக மாற்றினோம். திட்டிக்கொண்டே நானும் கூடப் போவேன்.

போன தடவை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதயம் மோசம், வெயிலில் நிற்கக் கூடாது. இவரா கேட்பார்? எனக்கு அலுத்துவிட்டது. இந்த மனிதன் ஒரு தடவையாவது முழுசாக வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று இருந்தது. அதனால் ஒரு காரியம் செய்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவருடைய தங்கை மகன் ஃபெர்மினிடம் ஒரு புதுத் துடைப்பத்தைக் கொடுத்தேன். உன் வெள்ளை வண்டியின் பின்னால் இதைக் கட்டிக்கொண்டு, மூன்று மணிக்கு வளைவைத் தாண்டிப் போ, நிற்காதே என்றேன். அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, சரி அத்தை என்றான்.

காலையிலேயே போய்விட்டோம். லாரியை மரத்தடியில் விட்டோம். மதியம் கறி அடைத்த எம்பனாடாவில் பாதிதான் தின்றார். கொஞ்ச நேரம் லாரியில் உட்கார்கிறேன் என்று போனார். நான் சாலையோரத்தில் இரண்டு மடக்கு நாற்காலி போட்டு, ஒன்றில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மணி இரண்டே முக்கால். சோண்டா வீச ஆரம்பித்திருந்தது. என் தலைத்துணி பறந்துவிட்டது. அவருடைய தொப்பி மட்டும் அசையவில்லை...

குடுவையில் மாத்தே இலைக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன். நான் சர்க்கரை போட்டால் இது மாத்தேயா பாயசமா என்று கத்துவார். அன்று வேண்டுமென்றே இரண்டு கரண்டி போட்டேன். உறிஞ்சுகுழலில் வாய் வைத்தார். திருப்பிக் கொடுத்தார். குடுவை நிறைந்தபடியே இருந்தது.

"உடம்புக்கு என்ன கிழவா?" என்றேன்.

"சத்தம் கேக்குதா?"

"காத்துதான்."

"இல்ல. ரெண்டாவது கியர்."

காற்று நின்றது. சோண்டா அப்படிப் பாதியில் நின்று நான் பார்த்ததில்லை. இலை அசையவில்லை.

பிறகு எனக்கும் கேட்டது. பாலத்துப் பக்கமிருந்து. உர்ர்ர்... உர்ர்ர்... ஃபெர்மின் சொன்ன நேரத்துக்கு வருகிறான் என்று சந்தோஷப்பட்டேன். எவரிஸ்தோ எழுந்து நின்றார். சட்டைக் கையால் பலகையைத் துடைத்தார். நாற்பது வருடமாக எழுதி எழுதிப் பார்த்த அந்த இரண்டு வரியையும் துடைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வண்டி வளைவில் திரும்பியது. வெள்ளையா கறுப்பா என்று தெரியவில்லை, எல்லாம் புழுதி நிறம். பின்னால் நிமிர்ந்து ஒரு துடைப்பம். தேய்ந்துபோன துடைப்பம்.

நான் கொடுத்தது புதுசு.

எங்களைத் தாண்டிப் போய், சற்று தள்ளி நின்றது. நிற்காதே என்று சொல்லியிருந்தேனே என்று எரிச்சலாக வந்தது. எவரிஸ்தோ நடந்தார். வாலிபன் நடை. கதவு திறந்தது.

உள்ளேயிருந்து ஒரு குரல், "ஏறுடா. எவ்வளவு நேரந்தான் நிப்ப?"

ஃபெர்மின் தன் மாமாவை 'டா' போட மாட்டான்.

எவரிஸ்தோ சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அறுபத்தேழுக்குப் பிறகு கேட்டதில்லை.

"வந்துட்டேண்ணே."

அவருக்கு இருந்தது ஒரே ஒரு அண்ணன்...

கத்தினேன்.

டப். கதவு மூடியது.

போய்விட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். புழுதியில் டயர் தடம் இல்லை. காலடித் தடமும் இல்லை. நான் ஓடி வந்த தடம் மட்டும்.

லாரிக்குத் திரும்பினேன்.

அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். தொப்பி நெற்றியில். மடியில் பலகை. சுத்தமாகத் துடைத்த பலகை.

தொட்டேன். அந்த வெயிலிலும் சில்லிட்டிருந்தது.

எப்படி ஓட்டிக்கொண்டு ஊர் வந்தேன் என்று தெரியாது. டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் மதியமே போய்விட்டது என்றார். பன்னிரண்டு, மிஞ்சிப்போனால் பன்னிரண்டரை. விறைத்திருப்பதைப் பார்த்தால் தெரிகிறதாம். அப்படியானால் நான் யாருக்கு மாத்தே கொடுத்தேன்? டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் எனக்கும் ஊசி போட்டிருப்பார்.

இருட்டிய பிறகு ஃபெர்மின் வந்தான், மலையைச் சுற்றிக்கொண்டு புதுச் சாலை வழியாக. வந்ததும் என் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

"மன்னிச்சுக்க அத்தை. என்னால வர முடியல. முந்தாநாள் மழையில பழைய பாலம் போயிடுச்சு. அந்தப் பக்கத்துலேர்ந்து ஈ காக்கா வர வழியில்ல. உனக்கு எத்தனை தடவ போன் போட்டேன் தெரியுமா?"

வளைவில் சிக்னல் கிடையாது. அவன் கையில் என் துடைப்பம் இருந்தது. சுற்றிய காகிதம்கூடப் பிரிக்கவில்லை.

இந்த வருடமும் போனேன். தனியாக. பலகையை எடுத்துக்கொண்டு, இரண்டு நாற்காலியும் போட்டு, சர்க்கரை இல்லாமல் மாத்தே போட்டேன். மூன்று மணிக்குக் காற்று நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

வராது. எனக்கே தெரியும். பந்தயம் பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். துடைப்ப வண்டி போன பிறகு அந்தச் சாலையில் வேறெதுவும் வராது.

அது நின்றபோது நானும் அந்தச் சாலையோரத்தில்தான் இருந்தேன். என்னை ஏற்றிக்கொள்ளவில்லை.