மாப்பிள்ளையின் சனி, ஞாயிறு

நான் எவ்வளவு பெரிய மடையன் என்பது உங்களுக்கு ஓரளவு தெரியும். இந்த வாரம் முழுதாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதர் தன் மனசில் கிடந்த பெரிய துக்கத்தை என்னிடம் சொன்னார். நான் கட்டைவிரலை உயர்த்தி, 'சூப்பேர்!' என்றேன்.

அந்த மனிதர் என் மாப்பிள்ளை.

மகள் ஜெனிக்கு பிரான்சில், லியோன் நகரத்தில் ஆராய்ச்சி வேலை. மூன்று வருடம் முன்பு ஜூலியன் என்ற பிரெஞ்சுக்காரரைக் காதலித்து, நாகர்கோவிலுக்குக் கூட்டிவந்து, எங்கள் சர்ச்சிலேயே கல்யாணம். தங்கமான பையன். ஒரே சிக்கல் — அவருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷும் என் அளவுக்குத்தான். அதாவது, தெரியாது.

மாமனாரும் மாப்பிள்ளையும் வீடியோ காலில் எத்தனை நாள்தான் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பது? போனில் ஒரு ஆப் இறக்கி ஆறு மாதம் பிரெஞ்சு படித்தேன். ஐம்பத்தாறு வயதில்! மண்டையில் உருப்படியாக நின்றது ஒரே கேள்வி: 'தூ ஃபே க்வா ஸ வீக்கெண்ட்?' — இந்த சனி, ஞாயிறு என்ன பண்ணப் போற?

மனைவி செல்வியிடம் கேட்டுப் பழகினேன். அயிலை மீன் கழுவிக்கொண்டிருந்தவள், அர்த்தம் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போவேன். வந்து உங்களுக்கு மீன் கழுவுவேன். கெட்டிட்டு வந்த நாள்லேருந்து அதானே பிளான்? இதுக்கு பிரெஞ்சு வேற வேணுமாக்கும்!"

சனிக்கிழமைதோறும் மாப்பிள்ளையிடம் கேட்பேன். முகம் மலர்ந்து பதில் சொல்வார். மார்க்கெட், சைக்கிள், அம்மா வீடு... ஒன்றிரண்டு வார்த்தை பிடிபடும். மீதிக்கெல்லாம் 'சூப்பேர்! பொன் வீக்கெண்ட்!' — பிரமாதம், சனி, ஞாயிறு நல்லபடியாகக் கழியட்டும்.

இதில் என்ன தப்பு? வடசேரி பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவரைப் பார்த்தால், "எங்க, தூரமா?" என்கிறோம். "இன்னா, இங்க வரைக்கும்தான்" என்கிறார். எங்கே என்று அவரும் சொல்லவில்லை, நாமும் விடாமல் கேட்கவில்லை. பஸ் வந்துவிடும். நம் ஊரில் அது கேள்வியே இல்லை — ஒரு கும்பிடு, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தை அப்படியே பிரெஞ்சுக்கும் கொண்டுபோய்விட்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சோறு உண்டுவிட்டுக் கூப்பிட்டேன். ஜெனி லேபுக்குப் போயிருந்தாள். ஜூலியன் மட்டும். வழக்கம்போலக் கேட்டேன்.

அன்றைக்குப் பதில் நீளமாக வந்தது. நடுவில் இரண்டு தடவை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னால் சுவரோரம் அட்டைப்பெட்டிகள். வீடு ஒதுங்கவைக்கிறார்கள் போல... நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. 'எனக்குப் புரியவில்லை' என்று பிரெஞ்சில் சொல்லத் தெரியாதா? தெரியும். ஆப்பில் அது இரண்டாவது பாடம். ஆறு மாதம் படித்தவனுக்கு அதைச் சொல்ல வெட்கம். ஆகவே கட்டைவிரல். 'சூப்பேர்! பொன் வீக்கெண்ட்!'

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். 'மெர்சி' — நன்றி — என்றார். கால் கட்.

பத்து நாள் கழித்து ஜெனி கூப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை இல்லாத ஒரு நாளில் அவள் பெயர் போனில் வந்ததுமே செல்வி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அப்பா, நாங்க பிரிஞ்சாச்சு. ஜூலியன் வீட்ட விட்டுப் போயிட்டாரு."

"எப்பம் மக்களே?"

"அந்தச் சனிக்கெழமதான். சாமான் எடுத்துட்டுப் போறேன், உங்க மகள நல்லா வச்சுக்க முடியல, மன்னிச்சிருங்கன்னு உங்ககிட்டதான் மொதல்ல சொன்னாராம். நீங்க சூப்பர்னு சொன்னீங்களாம்... ஒரு வருசமாவே சரியில்லப்பா."

ஒரு வருடம்! அதில் ஆறு மாதம் நான் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தேன்.

செல்வி பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்று, "சாப்பிட்டியா மக்களே?" என்றேன். அவளிடம் எப்போதும் கேட்பது அது ஒன்றுதான்.

ஜெனி சொன்னாள்.

"என்ன பண்ணப் போறன்னு அவர்ட்ட வாராவாரம் பிரெஞ்சுல கேட்டீங்க. எங்கிட்ட ஒரு தடவ தமிழ்ல கேட்டிருக்கலாம்பா."