ஆறாவது ஃபோல்டர்

இதைக் கதை என்று சொன்னால் அக்கா எழுந்து போய்விடுவாள். எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் அவள் அக்காதான். கூடப்பிறந்த ஒரே தம்பியைப் பறிகொடுத்தவள். மழையில் பைக்கோடும் லேப்டாப் பையோடும் அவன் கால்வாயில் விழுந்து பதினாறு நாள் ஆகியிருந்தது.

தம்பியும் அவளைப் போலவே புரோகிராமர். ஐந்து புராஜெக்டுகள் அரைகுறையாக நின்றன. எல்லாவற்றையும் புரோகிராம் எழுதும் எடிட்டரில் ஒரே வொர்க்ஸ்பேஸாக, ஒரே பட்டியலாகச் சேர்த்து அனுப்பினால் மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாக அவன் கூட்டாளி சொல்லியிருந்தான். தண்ணீரில் ஊறிய லேப்டாப்பை ரிப்பேர்க்காரர் அன்று காலைதான் திருப்பிக் கொடுத்தார்.

மதியம் 3:10. ஜன்னலில் நல்ல வெயில். தம்பியின் மேஜையில் உட்கார்ந்து அக்கா லேப்டாப்பைத் திறந்தாள். உடனே உயிர் வந்தது. ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். பள்ளிப் பேருந்து புராஜெக்ட் முதலில். கிளினிக் டோக்கன் கடைசியில்.

3:22. கிளினிக் பட்டியலின் மேலே இருந்தது.

கை பட்டிருக்கும் என்று கீழே இழுத்துவிட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், மறுபடி மேலே... நோயாளிகள் காத்திருப்பார்கள் என்று தம்பி எப்போதும் அதைத்தான் முதலில் வைப்பானாம். கூட்டாளி பிறகு சொன்னான்.

கீபோர்டு ஈரமாக இருந்தது. துடைத்தாள். ஈரம் ஊறிக்கொண்டே வந்தது.

3:31. பட்டியலில் ஆறாவதாக ஒரு ஃபோல்டர்.

பெயர், 'அக்கா'.

நீக்கினாள். திரும்ப வந்தது.

திறந்தாள். ஒரே ஒரு ஃபைல். உள்ளே ஒன்றுமில்லை. கர்சர் மட்டும் துடித்தது.

டக்... டக்...

கீ எதுவும் அமுங்கவில்லை. எழுத்து மட்டும் வந்தது.

'மூணு தடவை கூப்பிட்டேன்...'

அவன் விழுந்த அன்று அவள் மீட்டிங்கில் இருந்தாள். மூன்று தடவையும் போனைக் கட் செய்தாள். அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

அடித்தாள். 'மன்னிச்சிடுடா.'

கர்சர் நின்றது.

பிறகு...

'அனுப்பிடுக்கா.'

அனுப்பினாள். மணி 3:40.

ஐந்தும் வந்துவிட்டன, எல்லாம் ஓடுகின்றன என்று கூட்டாளி போன் செய்தான். ஆறாவதைப் பற்றிக் கேட்டாள். அப்படி ஒன்று வரவேயில்லை என்றான்.

மறுநாள் காலை 9:05-க்கு ரிப்பேர்க்காரர் கூப்பிட்டார்.

"தப்பு நடந்துபோச்சும்மா. ஃபைலெல்லாம் இருக்கற டிஸ்க்கை மாட்டாமலே கொடுத்துட்டேன். என் டேபிள்லதான் கிடக்கு. தண்ணி புகுந்து அதுல ஒரு ஃபைல்கூட மிஞ்சலை."

அக்கா லேப்டாப்பைத் திறந்து பட்டனை அழுத்தினாள். திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி அழுத்தினாள். அன்று முழுக்க அழுத்திக்கொண்டே இருந்தாள்.